கடைசிப் பக்கம் இல்லாத கதைகள்

புதுச்சேரிக்குப் போகிறேன் என்று சொன்ன அன்றிலிருந்து விருதுநகர் மின்வாரிய அலுவலகத்தில் என் மதிப்பு கூடிவிட்டது. சிறுகதைப் போட்டிக்கு நடுவராகப் போகிறேன் என்று விளக்கிப் பார்த்தேன். அது யார் காதிலும் ஏறவில்லை. "அக்கா, வரும்போது பெட்டியில இடம் இருக்கும்ல?" என்று கணக்குப் பிரிவு முருகேசன் குரலைத் தாழ்த்திக் கேட்டார். புதுச்சேரிக்குப் போகிற மனுஷி வெறும் பெட்டியோடு திரும்பி வருவாள் என்பதை அவரால் கற்பனை செய்யவே முடியவில்லை. இருபது வருடம் கதை எழுதி, இரண்டு தொகுப்பும் போட்டவள் நான். அப்போதெல்லாம் கிடைக்காத கவனம் இப்போதுதான் கிடைத்தது.

"வளரும் எழுத்தாளர்களுக்கும் வளர்ந்த எழுத்தாளர்களுக்கும் பொன்னான வாய்ப்பு!" என்று வாட்ஸ்அப்பில் ஓர் அறிவிப்பு சில மாதங்களாகச் சுற்றிக்கொண்டிருந்தது. புதுச்சேரியில் மூன்று நாள் முகாம், மூன்றாம் நாள் பரிசளிப்பு. முதல் பரிசு வாங்கும் வளரும் எழுத்தாளர் பிரான்சில் ஒரு கிராமத்து வீட்டில் இரண்டு மாதம் தங்கி எழுதலாம். வளர்ந்த எழுத்தாளர்களுக்கு என்ன வாய்ப்பு என்று கேட்டால், நடுவராக உட்காரலாம், சால்வை உண்டு. எனக்கு அந்த வாய்ப்புதான் வந்தது.

கதைகளைக் கூரியரில் அனுப்பியிருந்தார்கள். எழுதியவர் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். எல்லாவற்றையும் ஒழுங்காகப் படித்தேன், வேறு விதமாக நடுவராக இருக்க எனக்குத் தெரியாது. அதில் 'தாழ்ப்பாள்' என்ற ஒரு கதை என்னைப் பிடித்துக்கொண்டது. குடித்துவிட்டு அடிக்கிற புருஷன். ஒரு மத்தியானம் வீட்டுக்குப் பின்னால் தோட்டத்தில், துவைக்கிற கல்லில் வழுக்கி விழுந்து கிடக்கிறான். பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கத்துகிறான். அவள் உள்ளேயிருந்து எழுந்து வருகிறாள். 'தோட்டத்துக் கதவின் தாழ்ப்பாளில் கையை வைத்தாள்' என்று ஒரு வரி. அதோடு கதை முடிகிறது. திறந்தாளா இல்லையா? எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. முழு மதிப்பெண் போட்டு, 'திறக்காத கதவின் பேரமைதி' என்று ஒரு பாராட்டுரையும் எழுதி அனுப்பினேன். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களை நான் கேலி செய்யும்போது எனக்கும் ஒரு பங்கு எடுத்து வைக்க வசதியாக இருக்கும்.

முதல் நாள் பேருந்து நிலையத்தில் இறங்கியதுமே ஆட்டோக்காரர் ஒருவர் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

"இன்னாமா, ஒயிட் டவுனா, பீச்சா?"

"ரெட்டியார்பாளையம்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "அங்க இன்னா இருக்குது?"

"இலக்கிய முகாம்."

"அது எந்த காம்ப்ளெக்ஸ்ல?" என்றார்.

அவர் கேட்டது நியாயம்தான். அறிவிப்பில் போட்டிருந்த படத்தில் மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, பின்னால் கடல் எல்லாம் இருந்தன. ஆட்டோ போய் நின்றது விழுப்புரம் சாலையில் ஒரு டைல்ஸ் கடை வாசலில். அதன் மேல்மாடிதான் முகாம். சன்னலைத் திறந்தால் லாரி. கடல் எந்தப் பக்கம் என்று கேட்டேன். "அது கெடக்குது நாலஞ்சு கிலோமீட்டர் தள்ளி" என்று சொல்லிவிட்டு ஆட்டோக்காரர் போய்விட்டார்.

அமைப்பாளர் ரத்தினவேலு வரவேற்றார். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், குடும்பமே பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கிறது. இவரும் பள்ளியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் இவரை 'முசே' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஐயா என்று அர்த்தமாம். ஐயா என்றால் திரும்ப மாட்டார், முசே என்றால்தான் திரும்புவார். என்னை 'மதாம்' என்றார். எங்கள் ஊரில் பரோட்டாக் கடை மாஸ்டர்கூட என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். மதாம் என்றதும் யாரோ பின்னால் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

சட்டையில் குத்திக்கொள்ள அட்டை கொடுத்தார்கள். பச்சை அட்டையில் 'வளரும்' என்றும் மஞ்சள் அட்டையில் 'வளர்ந்த' என்றும் அச்சடித்திருந்தது. சாப்பாட்டில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. மஞ்சள் அட்டைக்கு வாழை இலை, சங்கரா மீன் குழம்பு. பச்சை அட்டைக்குப் பாக்குமட்டைத் தட்டில் சாம்பார் சாதம், கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அறுபது வயதைத் தாண்டிய ஒரு காரைக்கால்காரர் பச்சை அட்டையோடு நின்றுகொண்டிருந்தார். "ரிட்டயர் ஆயிட்டேன், இன்னும் வளர்ந்துக்கிட்டேதான் இருக்கேன்" என்றார். மீன் குழம்பு நன்றாக இருந்ததை நான் மறைக்கப் போவதில்லை. அவரைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டதால் முழுசாக இறங்கவில்லை.

மத்தியானம் 'எழுத்தாளர்களுக்கான வாய்ப்புகள்' என்ற தலைப்பில் சென்னையிலிருந்து வந்த ஓர் ஆலோசகர் பேசினார். அவர் எழுத்தாளர் இல்லை, எழுத்தாளர்களுக்கு ஆலோசனை சொல்பவர். எந்தப் போட்டிக்கு எப்படிக் கதை அனுப்ப வேண்டும், எந்த நாட்டுக்காரர்களுக்கு எந்த மாதிரி வறுமை பிடிக்கும், தன்னைப் பற்றிய குறிப்பில் பெயருக்கு அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று திரையில் படம் போட்டுக் காட்டினார். நாலு வரிக் குறிப்பில் 'விளிம்பு' என்ற சொல் மூன்று இடத்தில் வந்தது. கடைசியில் ஒரு பெண் எழுந்து, "சார், எழுதறது எப்போ?" என்று கேட்டாள். "அதை உங்க ஓய்வு நேரத்துல வெச்சுக்கலாம்" என்றார் ஆலோசகர். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.

இரண்டாம் நாள் காலையில் 'பிரெஞ்சுக் காலை உணவு' என்று ஒரு பிறைவடிவ ரொட்டியும் கொஞ்சம் ஜாமும் வைத்தார்கள். ரொட்டி முந்தின நாளே வளர்ந்து முடித்திருந்தது. நான் கீழே இறங்கிப் போய்த் தள்ளுவண்டியில் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தேன். வண்டிக்கு முன்னால் ஏற்கெனவே மூன்று மஞ்சள் அட்டைகள் நின்றுகொண்டிருந்தன. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அன்றைய நிகழ்ச்சிக்கு 'அனுபவம் திரட்டல்' என்று பெயர். வேனில் ஏற்றித் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஏலம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. எங்கள் கூட்டத்தில் இருந்த இரண்டாவது நடுவர், ஓய்வு பெற்ற ஒரு தமிழ்ப் பேராசிரியர், கூடை கூடையாகக் கவிழ்த்துவைத்த மீனுக்கு நடுவில் நின்று கண்ணை மூடி மூச்சை இழுத்தார். "வாழ்க்கையின் வாசனை" என்றார். ஏலத்தில் நின்ற அம்மா ஒருத்தி, "யோவ், வாங்கறதுன்னா வாங்கு, இல்லன்னா வழிய வுடு. கால்ல மிதிக்கிற பாரு, அது எறாலு" என்றாள். அனுபவம் திரட்டல் அத்தோடு முடிந்தது.

அங்கிருந்து நோணாங்குப்பம். ஊர் உலகமெல்லாம் அங்கே படகுக் குழாமில் சீட்டு எடுத்துப் படகில் போகும். எங்கள் முசே சீட்டு எடுப்பாரா? தெரிந்தவர் ஒருவருடைய பழைய மோட்டார் படகைச் சொல்லி வைத்திருந்தார். 'படைப்பூக்கப் படகுப் பயணம்' என்று அதன் நெற்றியில் பேனர். அவரும் பேராசிரியரும் கரையில் இளநீரோடு உட்கார்ந்துகொண்டார்கள். கொஞ்ச தூரம் போனதும் மோட்டார் இருமிவிட்டு நின்றது. படகுக்காரர் மூடியைத் திறந்து உள்ளே பார்த்து, "மச்சானுக்கு போன் போட்டுருக்கேன், வந்துருவான்" என்றார். இரண்டு பக்கமும் அலையாத்திச் செடிகள், நடுவில் உயிர்காப்புச் சட்டை மாட்டிய இலக்கியம்.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் தூக்குச் சட்டியைத் திறந்தாள். எலுமிச்சம்பழச் சாதம், வறுத்த நெத்திலி. "எடுத்துக்கங்க மேடம். முசே சாப்பாடு போடுவார்னு நம்பி வரல" என்றாள். முந்தின நாள் ஆலோசகரிடம் கேள்வி கேட்டவள் இவள்தான். பெயர் பூங்கொடி, வயது நாற்பதை ஒட்டி. தனியார் மருத்துவமனை ஒன்றில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வீடு ரெட்டியார்பாளையத்தில், சொந்த ஊர் பாகூர் பக்கம், விவசாயக் குடும்பம். நெத்திலி மொறுமொறுவென்று இருந்தது. உங்கள் கதை எது என்று கேட்டேன். கேட்கக் கூடாதுதான்.

"தாழ்ப்பாள்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "அந்த முடிவு இருக்கே! தாழ்ப்பாள்ல கைய வெச்சதோட நிறுத்தினீங்க பாருங்க…"

அவள் என்னைப் பார்த்தாள். "நிறுத்தலயே மேடம்."

"கதவைத் திறக்காம…"

"தொறப்பாளே. தொறந்து, அந்தாளத் தூக்கி உக்கார வெப்பா. அப்புறம் ஒண்ணு பண்ணுவா. அத இப்ப சொல்ல மாட்டேன், படிச்சாதான் நல்லாருக்கும்." சிரித்தவள் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "மேடம், கடைசிப் பக்கம் படிக்கலயா நீங்க?"

எனக்கு வந்த பிரதியில் அப்படி ஒரு பக்கமே இல்லை. சொன்னேன். படகில் இருந்த மற்றவர்கள் இங்கே திரும்பினார்கள். காரைக்கால்காரர் மெல்ல, "என் பேய்க் கதை எங்க முடியுது மேடம்?" என்று கேட்டார். கிணற்றடியில் வெள்ளையாக ஏதோ அசைகிற இடத்தில் என்றேன். "அய்யய்யோ, அது காயப் போட்ட வேட்டிங்க! கடைசிப் பக்கத்துல தெரிஞ்சிரும். நான் பேயே கிடையாதுன்னு கதை எழுதுனவன்!" என்று கத்தினார். கடலூரிலிருந்து வந்திருந்த ஒரு வங்கிக்காரர், தன் கதையில் எல்லோரும் காத்திருக்கிற ரயில் கடைசியில் வந்துவிடும் என்றார். என் பிரதியில் அது வரவே இல்லை. வராத ரயிலை மனித வாழ்வின் குறியீடு என்று எழுதி ஏழு மதிப்பெண் போட்டிருந்தேன். மச்சான் வந்து சேரும் வரைக்கும் அந்தப் படகில் ஆளுக்கு ஆள் தங்கள் முடிவைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மூன்று நாள் முகாமில் உருப்படியாக நடந்த ஒரே அமர்வு அதுதான்.

பூங்கொடி தூக்குச் சட்டியை மூடினாள். கரை ஏறும்போது சொன்னாள். "இது எங்க அம்மா கதை மேடம். எங்க அப்பா விழுந்தது ஊருக்கே தெரியும். இடுப்பு ஒடஞ்சி, கம்பு ஊணித்தான் நடந்தாரு அப்புறம். அம்மா வேணும்னே கதவத் தொறக்காம வுட்டுச்சின்னு எங்க அத்தை, அப்பாவோட அக்கா, இன்னைக்கு வரைக்கும் சொல்லிட்டுத் திரியறாங்க. அதுக்காகத்தான் எழுதுனேன். நாளைக்கு எல்லாம் வேன் புடிச்சி வராங்க. அத்தையும் வருது."

சாயங்காலம் இருவருமாக முசேயிடம் போனோம். அவர் கொஞ்சமும் அசரவில்லை, பெருமையாகவே சொன்னார். போட்டி விதிப்படி, கதை முடிந்ததும் அதன் கீழேயே 'இது என் சொந்தப் படைப்பு' என்று உறுதிமொழி எழுதி, பெயர், முகவரி போட்டுக் கையெழுத்திட வேண்டும். பெயர் தெரிந்தால் நடுவர்கள் பாரபட்சம் காட்டுவார்களே! அதனால் முசே எல்லாக் கதைகளின் கடைசிப் பக்கத்தையும் தன் கையாலேயே கிழித்து, எண் போட்டு, உறையில் வைத்து ஒட்டிவிட்டார். தாளை மிச்சம் பிடித்து எழுதியே பழகியவர்கள் தமிழ் எழுத்தாளர்கள். எவர் ஒருவர் உறுதிமொழிக்கென்று தனித் தாள் எடுப்பார்? எல்லோருமே முடிவையும் முகவரியையும் ஒரே பக்கத்தில் எழுதியிருந்தார்கள்.

"நடுநிலை, மதாம், நடுநிலை!" என்றார் முசே.

"கிழிச்ச பக்கத்துல கதை இருக்கான்னு பாக்கலயா?"

"பாத்தா பேர் தெரிஞ்சிருமே!"

பேராசிரியரிடம் முறையிட்டேன். பரிசுக் கதைத் தொகுப்பு ஏற்கெனவே அச்சாகிக் கட்டுக் கட்டாக வந்து இறங்கியிருந்தது. அதற்கு அவர் 'முடிவின்மையின் அழகியல்' என்று நீளமான முன்னுரை எழுதியிருந்தார். "ஆசிரியர் எழுதியதைவிட நமக்குக் கிடைத்ததே உயர்ந்த பிரதி" என்றார். ஆத்திரமாக வந்தது. ஆனால் நான் எழுதிக் கொடுத்த பாராட்டுரையும் அதே புத்தகத்தின் பின்னட்டையில் இருந்தது. பேரமைதியாம், பேரமைதி. எனக்கு வெட்கமாக இருந்தது.

முசே பூங்கொடியைத் தனியாக உட்கார வைத்துப் பேசினார். உறையைப் பிரித்துப் பெயரை மட்டும் பார்த்துக்கொண்டாராம், முதல் பரிசு அவளுக்குத்தான். பிரான்சும் அவளுக்குத்தான். கதையை மொழிபெயர்த்து அனுப்பியிருந்தார், அங்கே இருக்கிறவர்கள் அந்த மூடிய கதவுக்காகவே அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். "இப்ப போய், இல்ல, அவ தொறந்துட்டான்னு சொன்னா அவங்க என்ன நெனப்பாங்க? கதைதானே, மதாம்? இரண்டு மாசம்! சோறாக்க வேணாம், ரத்தம் எடுக்க வேணாம். ஒக்காந்து எழுதிட்டே இருக்கலாம்."

வெளியே வந்து டீக்கடையில் நின்றோம். பூங்கொடி டீயைக் குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தாள். "வுட்டுடுங்க மேடம். நான் போறேன் பிரான்சுக்கு. அம்மாக்குப் படிக்கத் தெரியாது. நாளைக்கு யாரும் கதையப் படிச்சிக் காட்டப் போறதில்ல. மால போடுவாங்க, போட்டோ எடுப்பாங்க, வேன் ஏறிப் போயிருவாங்க." எனக்குக் கோபம் வந்தது, அவள் மேல் இல்லை. நாற்பது வயதில் முதல்முறையாக இரண்டு மாதம் உட்கார்ந்து எழுத ஓர் இடம் கிடைக்கிறது. அதற்கு விலையாகப் பெற்ற தாயைக் கேட்கிறார்கள். எங்கள் விருதுநகர் வட்டிக்கடைக்காரர்கள்கூட நகையோடு நிறுத்திக்கொள்வார்கள்.

மூன்றாம் நாள் பரிசளிப்பு ஒரு கல்யாண மண்டபத்தில். முந்தின நாள் கல்யாணத்தின் வாழைமரம் அப்படியே நின்றது, செலவு மிச்சம். பாகூர் வேன் நேரத்துக்கு வந்துவிட்டது. இறங்கிய கூட்டத்தில் பூங்கொடியின் அம்மா பாக்கியம் யார் என்று காட்டவே வேண்டாம். மகளுடைய பச்சை அட்டையைத் தன் புடவை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார். ஒல்லியான உடம்பு, பெரிய கைகள். அவருக்குப் பக்கத்தில் அத்தை, கழுத்து நிறைய நகையோடு, குறை கண்டுபிடிக்கத் தயாரான முகத்தோடு. முன்வரிசையில் உட்கார்ந்தார்கள்.

சால்வைகள் நடந்தன. எனக்கு ஒன்று, பேராசிரியருக்கு ஒன்று, மண்டபத்து மேலாளருக்கும் ஒன்று. பூங்கொடியை மேடைக்கு அழைத்துப் பிரான்சு அழைப்பைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கையில் கொடுத்தார்கள். பாகூர் வரிசை கைதட்டியது. பாக்கியம் அம்மா எழுந்து நின்றே தட்டினார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் பேராசிரியர் மைக்கைப் பிடித்தார்.

"இந்தப் பெண் எழுதியது வெறும் கதையா? தோட்டத்தில் விழுந்து கிடக்கிறான் கணவன். துவைக்கிற கல்லில் அடிபட்டுக் கதறுகிறான். அவள் என்ன செய்தாள்? தாழ்ப்பாளில் கையை வைத்தாள். திறந்தாளா? திறக்கவில்லை! கிடந்து சாகட்டும் என்று விட்டாள்! இதுவல்லவா புரட்சி!"

முன்வரிசையில் கைதட்டல் நின்றது. அத்தை சத்தமாகவே சொன்னார். "நான் அப்பவே சொன்னேன். கேட்டீங்களா? இப்ப புக்குலயே போட்டுட்டாங்க பாரு."

வேனில் வந்த அத்தனை பேரும் பாக்கியம் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கை தட்டிய நிலையிலேயே நின்றுகொண்டிருந்தார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகினார்.

"யோவ் சாரு, நிறுத்து. யாரு சாவட்டும்னு வுட்டது?"

முசே ஓடிவந்தார். "அம்மா, இது கதைம்மா. ஒக்காருங்க. நீங்க யாரு?"

"நாந்தான் அந்தக் கதவத் தொறந்தவ."

பாக்கியம் அம்மா மேடையைப் பார்த்தார், மகளைப் பார்த்துத்தான் கேட்டார். "ஏம்மா, நீயா அப்புடி எழுதுன?"

முசே பூங்கொடியின் காதருகே, "ஒண்ணும் பேசாதீங்க மதாம், பிரான்சு, பிரான்சு" என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. பூங்கொடி கையில் இருந்த சட்டத்தைக் குனிந்து பார்த்தாள். அதைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தாள், உடையாமல், மெதுவாக. பேராசிரியர் கையிலிருந்து மைக்கை வாங்கினாள்.

"இல்லம்மா. நான் தொறந்துதான் எழுதுனேன். கடைசிப் பக்கத்த இவங்க கிழிச்சிட்டாங்க."

அதன் பிறகு தன் கதையின் முடிவை மனப்பாடமாகச் சொன்னாள். 'தாழ்ப்பாளை எடுத்தாள். கல்லுக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தவனைத் தூக்கி உட்கார வைத்தாள். கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். அதற்கப்புறம் தண்ணீர் கொண்டுவந்து குடிக்கக் கொடுத்தாள்.'

"ஆமா, ஒண்ணு வுட்டேன்!" என்றார் பாக்கியம் அம்மா, கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து. "அன்னிக்கோட கை நீட்டறத நிறுத்திட்டாரு. கஞ்சி ஊத்தி, குளிப்பாட்டி, நாலு வருசம் நல்லபடியா வெச்சிருந்துதான் சுடுகாட்டுக்கு அனுப்புனேன். சாவ வுட்டேனாம்!"

மண்டபம் சிரித்தது, விசிலடித்தது. அடுத்து பாராட்டுரை வாசிக்க என்னைக் கூப்பிட்டார்கள். எழுதிக் கொண்டுவந்த தாளை மடித்துப் பையில் போட்டேன். "இந்தக் கதையின் முடிவைப் புகழ்ந்து இந்தப் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதியிருக்கிறேன். நான் முடிவைப் படிக்கவே இல்லை. இப்போதுதான் கேட்டேன். நான் புகழ்ந்ததைவிட இது நூறு மடங்கு நல்ல முடிவு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பேராசிரியர் என்னைப் பார்க்கவில்லை. காரைக்கால்காரர் மேடையேறி, "என் கதையிலயும் பேய் கிடையாது, அது வேட்டி!" என்று அறிவித்தார். முசே நன்றியுரை சொல்லாமலேயே நாட்டுப்பண்ணைப் போடச் சொன்னார்.

பிரான்சு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அது இரண்டாம் பரிசுக்காரருக்குப் போய்விட்டது, கடலூர் வங்கிக்காரர். அவருடைய கதையில் ரயில் வந்துவிடும் என்பது படகில் இருந்த எங்கள் எல்லோருக்கும் தெரியும். மேடையில் அவர் வாயைத் திறக்கவில்லை. அவர் பிரான்சு போய்ச் சேர்ந்துவிட்டார், ரயில்தான் இன்னும் வரவில்லை. அடுத்த போட்டிக்கான அறிவிப்பும் எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. விதிகளில் புதிதாக ஒன்று சேர்த்திருக்கிறார்கள்: 'கதையின் முடிவு கடைசிப் பக்கத்தில் வரக் கூடாது.'

ஆனால் அன்று மத்தியானம் மண்டபத்தை விட்டு நான் உடனே கிளம்பவில்லை. வாசலில் தொகுப்பு விற்கிற மேசையைப் பாகூர்க்காரர்கள் சூழ்ந்துகொண்டிருந்தார்கள். அச்சில் 'தாழ்ப்பாள்' கதைக்குக் கீழே அரைப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. யாருக்கு முதலில் தோன்றியதோ தெரியாது, பேனா பிடிக்கத் தெரிந்தவர்களெல்லாம் ஆளுக்கொரு பிரதியை வாங்கி மடியில் வைத்து, பூங்கொடி சொல்லச் சொல்ல அந்த நாலு வரியை எழுதிக்கொண்டிருந்தார்கள். அவளோடு வேலை செய்கிற பெண்கள், சித்தப்பா மகன், வேன் டிரைவர். "புக்கைப் பாழாக்காதீங்க!" என்று முசே கத்தினார். "காசு குடுத்துட்டோம்ல முசே?" என்றாள் பூங்கொடி. நாலு பிரதிக்கு ஒருமுறை அவள் குரல் கரகரத்தது, நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினாள்.

நானும் பேனாவைத் திறந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். பாக்கியம் அம்மா ஒரு பிரதியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"நீயும் ஒண்ணு எழுதிக் குடு தாயி. இது எங்க நாத்தனாருக்கு. கையெழுத்து அழகா இருக்கட்டும்."

நான் அந்த வெள்ளைப் பக்கத்தைத் திறந்தேன். அவர் என் தோள்மேல் தன் பெரிய கையை வைத்துக் குனிந்தார்.

"அறைஞ்சத வுட்டுடாத."